கையெழுத்துப் போடும் முன்

சிவதாபுரம், சேலம்

அன்புள்ள மலர்,

இங்கே எல்லோரும் சுகம். அத்தை வாக்கர் இல்லாமல் வாசல் வரை நடக்கிறார். அம்மா உனக்காக நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு ஜாடியில் உன் பேரை எழுதி ஒட்டியிருக்கிறாள். மற்ற விசேஷங்களை நேரில் சொல்கிறேன்.

உன் வாய்ஸ் மெசேஜை ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸிலேயே கேட்டுவிட்டேன். மாப்பிள்ளை புராணம் முழுவதும் தேன். நம் ஹாஸ்டல் வார்டன் பாணியில் அவர் பேசிக் காட்டினார் என்றாயே, அந்த இடத்தில் நான் சிரித்ததைப் பார்த்துப் பக்கத்து சீட் அம்மா திரும்பிப் பார்த்தார். ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொன்னாய். "அஞ்சு லட்சம் பர்சனல் லோன் ஓகே ஆயிடுச்சுடீ, வர்ற வாரம் கையெழுத்து. அவருக்கு இப்பத்திக்கு சொல்லல, கல்யாணம் முடிஞ்சு மெதுவா சொல்லிக்கலாம்." அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். மெஸ் பில் காலத்திலிருந்து எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரை படி.

எங்கள் வீட்டில் நடந்ததை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த கடன் இரண்டுதான்: பைக் லோன், பேங்க்கில் இருந்த என் வளையல். அத்தைக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனபோது என் வீட்டுக்காரர் பணத்தை எப்படியோ புரட்டினார் என்றுதான் நினைத்திருந்தேன். தினமும் சாயங்காலம் தெருமுனையில் ஒரு வண்டி வந்து நிற்கும், இவர் கொலுசுப் பட்டறையை விட்டு எழுந்து போய்வருவார். கேட்டால் "சீட்டுக்காரரு" என்பார். அது தண்டல், தினமும் வந்து வசூலிக்கும் கடன். அது போதாமல் கிரெடிட் கார்டு, பட்டறைக்காரர் ஒருவரிடம் மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு ஒரு தொகை, சித்தப்பாவிடம் கைமாத்து. ஒரு ராத்திரி அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அழுதார். எனக்குக் கடனைக் கேட்டுப் பயம் வந்தது. அதைவிட, இத்தனையையும் இந்த மனுஷர் ஒற்றையாளாகச் சுமந்துகொண்டு பக்கத்திலேயே படுத்திருந்தாரே, எனக்குத் தெரியாமல் போயிற்றே என்ற வேதனைதான் பெரிதாக இருந்தது. மலர், உன் மாப்பிள்ளைக்கு அந்த ராத்திரி வரக்கூடாது.

மறுநாளே ஒரு நோட்டுப் போட்டோம். யாருக்கு எவ்வளவு என்று எழுதியதும் ஒன்றும் விளங்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாஷையில் வட்டி சொல்கிறார்கள். பட்டறையில் நூற்றுக்கு ரெண்டு, பைக்குக்கு ஃப்ளாட் 12 (அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி), கார்டுக்கு மாதம் மூன்றரை. தண்டல்காரரோ வட்டி என்றே சொல்வதில்லை, "பத்துக்கு ஒண்ணரை பிடிச்சுக்குவேன்" என்பதோடு சரி. எல்லாவற்றையும் வருஷத்துக்கு எத்தனை சதவீதம் என்று மாற்றி எழுத உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்டரில் நாள் முழுக்க கணக்குப் பார்க்கிறவள்தான், ஆனாலும் தண்டல் கணக்கு வந்தபோது தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடி போட்டுப் பார்த்தேன்.

நீயும் போட்டுப் பார். பத்தாயிரம் என்று பேர், கையில் தருவது 8,500. நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கேட்பதற்குப் பதினைந்து சதவீதம் போல இருக்கிறது. ஆனால் அந்த 8,500 நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை, இரண்டாம் நாளிலிருந்தே கரைகிறது. மீதமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி என்று வைத்துக் கணக்குப் போட்டால் வருஷத்துக்குச் சுமார் 120 சதவீதம்! இதில் இன்னொரு கொடுமை, அறுபது எழுபது நாள் ஆனதும் "பழசைக் கழிச்சிட்டு புதுசு போட்டுத் தர்றேன்" என்பார்கள். மறுபடி முழுத் தொகைக்கும் ஒன்றரை பிடிப்பு. இவர் அப்படி எத்தனை முறை புதுசு போட்டார் என்று அவருக்கே நினைவில்லை. தமிழ்நாட்டில் 2003-லேயே அதீத வட்டிக்கு எதிராகச் சட்டம் வந்து, அதில் கந்துவட்டி, மீட்டர்வட்டியோடு தண்டலும் பேர் சொல்லியே இருக்கிறது என்று என் தம்பி சொன்னான். ஆனாலும் எங்கள் தெருவில் சாயங்காலம் அந்த வண்டி நிற்காத வீடு குறைவு.

பைக் கதையும் கேள். 60,000 கடன், ஃப்ளாட் 12, இரண்டு வருஷம். 14,400 வட்டியைச் சேர்த்து மாதம் 3,100. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் கணக்கில் பார்த்தால் அது 12 இல்லை, 21க்கும் மேல். கார்டில் மாதம் மூன்றரை என்பது வருஷத்துக்கு 42, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி. மினிமம் டியூ என்கிற குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் மீதிக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாள் கிடையாது. பட்டறைக்காரரின் ரெண்டு வட்டி 24. என் வளையல் மேல் இருந்த பேங்க் கடன்? வெறும் 9.

இதை அத்தைக்குப் படித்துக் காட்டியபோது அவர் சொன்னதை நான் மறக்கமாட்டேன். "செவ்வாய்ப்பேட்டையில வெள்ளி வாங்கயில மில்லி கிராம் பாத்து வாங்கறவன், கடன மட்டும் எடை போடாம வாங்கிட்டு வந்திருக்கான்."

அப்போது நான் ஒன்று சொன்னேன், வீடே அதிர்ந்தது. என் ஆரத்தையும் பேங்க்கில் வைத்துத் தண்டலையும் கார்டையும் ஒரே நாளில் முடிப்போம் என்றேன். அம்மா குகைப் பகுதியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். "கட்டிக் குடுத்த நகைய மொத்தமா அடகுல வெப்பியா?" நகை பேங்க்கில் இருந்தால் மானம் போகிறது, தண்டல்காரர் தினமும் வாசலுக்கு வந்தால் போகவில்லை! இந்த வரிசையை யார் வைத்தார்கள் மலர்? ஒன்பது சதவீதக் கடனுக்குக் கூனிக் குறுகுகிறோம், நூற்றிருபது சதவீதக் கடனுக்கு டீ போட்டுத் தருகிறோம். அம்மாவிடம் நோட்டைக் கொடுத்து ஒவ்வொரு வரியாக விளக்கினேன். கடைசியில் அவளே அந்த ஆரத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

நகைக்கடன் நல்லது என்று நான் சொன்னதாக ஊரெல்லாம் சொல்லிவிடாதே. வருஷக் கடைசியில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டாவிட்டால் ஏலம் வரை போகும். 2026 ஏப்ரல் முதலான ரிசர்வ் வங்கி விதியில், இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று இருக்கிறது. தருகிறார்கள் என்பதற்காக அத்தனையையும் வாங்கினால் மீட்பது கஷ்டம். கடனை முடித்து ஏழு வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தராவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் அவர்கள் நமக்குத் தர வேண்டும் என்றும் அதே விதியில் உண்டு, அது நல்ல விஷயம். நாங்கள் அடைக்க வேண்டிய தொகைக்கு மட்டும் வாங்கி, மாதாமாதம் முடிந்ததைக் கட்டிக்கொண்டே வந்தோம்.

மாதாமாதம் என்று எழுதிவிட்டேன், அதுதான் எங்களுக்குப் பெரிய பாடு. இவர் கூலி கிலோ கணக்கு. கடையில் வெள்ளியை எடை போட்டுத் தருவார்கள், கொலுசாக எடை போட்டுத் திருப்பித் தர வேண்டும். தீபாவளிக்கும் முகூர்த்த மாதங்களுக்கும் முன்னால் ராத்திரி பகலாகப் பற்றவைப்பு, மற்ற நாளில் பட்டறை தூங்கும். 2025-இல் வெள்ளி கிலோ லட்சத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனபோது கனமான கொலுசு கேட்பவர்களே குறைந்துபோனார்கள். அதனால் வீட்டுச் செலவு முழுக்க என் சம்பளத்தில், அவர் கூலி முழுக்கக் கடனுக்கு என்று பிரித்தோம். சீசனில் பெரிதாகப் போகும், ஆடியில் பெயருக்குப் போகும். ஒரு மாத மளிகைக்கு ஆகும் பணத்தை மட்டும் போஸ்ட் ஆபீஸில் போட்டுத் தொடுவதில்லை. அது இல்லையென்றால் அடுத்த காய்ச்சலுக்கு மறுபடி தெருமுனை வண்டிதான்.

சித்தப்பா கைமாத்துக்கு வட்டியே இல்லை. கணக்குப்படி அதைக் கடைசியில்தான் தர வேண்டும். ஆனால் ஜூனில் அவர் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ். அவர் வாய்விட்டுக் கேட்கவே மாட்டார், உனக்குத் தெரியும். நோட்டு என்ன சொன்னாலும் சரி என்று மே மாதமே கொடுத்துவிட்டோம். அதில் எனக்கு இன்றுவரை சந்தோஷம்தான்.

இப்போது கார்டு இல்லை, தண்டல் இல்லை, ரெண்டு வட்டி இல்லை, பைக் முடிந்தது. போன வாரம் ஆரமும் வந்துவிட்டது. வளையல் மட்டும் பாக்கி. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு அந்த ஆரத்தைப் போட்டுக்கொண்டுதான் நான் வர வேண்டும் என்று அத்தை இப்போதே சொல்லிவிட்டார்.

இனி உன் விஷயம். 5 லட்சம், 16 சதவீதம், 5 வருஷம் என்றாய். மாதம் சுமார் 12,160 வரும். மொத்தம் 7 லட்சத்து 29 ஆயிரத்துக்கு மேல். ப்ராசஸிங் ஃபீஸ் 2 சதவீதம் என்றால் ஜிஎஸ்டியோடு 11,800 பிடித்துக்கொண்டுதான் கையில் தருவார்கள். 2024 அக்டோபர் முதல் இப்படிப்பட்ட கடனுக்கெல்லாம் முக்கிய விவரத் தாள் ஒன்று தந்தாக வேண்டும், எல்லாக் கட்டணமும் சேர்த்த வருஷ விகிதம் அதில் இருக்கும். நமக்குப் புரிகிற மொழியில் கேட்கலாம். நடுவில் முன்கூட்டி அடைத்தால் என்ன பிடிப்பார்கள் என்றும் அதில் பார். உன் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் ரிப்போர்ட்டையும் ஒரு தடவை எடுத்துப் பார், வருஷத்துக்கு ஒன்று இலவசம். இவருடையதில் எப்போதோ கட்டி முடித்த ஒரு மொபைல் கடன் இன்னும் பாக்கி என்று காட்டிக்கொண்டிருந்தது, எழுதிப்போட்டுத் திருத்த வேண்டியதாயிற்று.

இதெல்லாம் கணக்கு, உனக்கு வரும். நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றைத்தான். மாப்பிள்ளையிடம் தாலி ஏறுவதற்கு முன்னால் சொல்லு. கல்யாணத்துக்கு அடுத்த மாதமே 12,160 அந்த வீட்டிலிருந்து போகப் போகிறது, அதில் அவர் சம்பளமும் கலக்கும். ஐந்து வருஷம் போகப் போகிறது. அந்த வீட்டில் குழந்தை எப்போது, வாடகை எவ்வளவு, அவர் அம்மாவுக்கு மருந்து எதில் என்று நீங்கள் பேசும் ஒவ்வொன்றிலும் அது உட்கார்ந்திருக்கும், அவருக்கு மட்டும் தெரியாது. வார்டன் மாதிரிப் பேசிச் சிரிக்க வைக்கிற மனுஷர், உண்மையைக் கேட்டால் ஓடிவிடுவார் என்றா நினைக்கிறாய்? இந்தக் கடனில் போடப் போகும் எண்ணூறு பேர் சாப்பாடும் அந்த மண்டபமும் அவர் கேட்டாரா, உங்கள் அம்மா கேட்டாரா? அவரிடம் சொன்னால் சுகவனேஸ்வரர் கோவிலில் தாலி, சின்ன ஹாலில் சாப்பாடு என்று அவரே சொல்லக்கூடும். அம்மாவிடம் நான் பேசுகிறேன். என் அம்மாவையே சம்மதிக்க வைத்தவள் நான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறிவிடு. விடியற்காலை ஜங்ஷனுக்கு இவர் பைக்கோடு வருவார். நாமக்கல்லிலிருந்து மாப்பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை இங்கேயே வரச் சொல்லு, அத்தை சமையல் என்று சொல். லோன் பேப்பர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வா. புது நோட்டு நான் வாங்கி வைக்கிறேன். அது வரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

உன்
சுமதி

பி.கு: வரும்போது என் நீலப் புடவையையும் கொண்டு வா. அது உன்னிடம் இல்லை என்று இனியும் சொல்லாதே, நிச்சயதார்த்த போட்டோவில் பார்த்துவிட்டேன்.