பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

சுங்கை சிப்புட், மலேசியா

பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. பொட்டலத்தில் மிளகாய்த்தூளும் முறுக்கும் இருக்கின்றன. முறுக்கு நொறுங்கியிருந்தாலும் தூக்கிப் போடாமல் சாப்பிடு. வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அங்கே அமெரிக்காவில் பனி கொட்டுவதைத் தம்பி போனில் காட்டினான். ஆட்டம் முடிந்து ராத்திரி தனியாக நடக்காதே.

காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது உங்கள் பல்கலைக்கழகக் கூடைப்பந்து ஆட்ட முடிவைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அங்கே ராத்திரி ஏழு மணி என்றால் இங்கே மறுநாள் காலை எட்டு. முதலில் நீ உதவி வேலை பார்க்கும் பெண்கள் அணி, அப்புறம்தான் ஆண்கள் அணி. ஆண்களுக்கு இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி, பெண்களுக்குப் பத்துப் பத்து நிமிடமாக நாலு பகுதி, பந்தும் ஒரு சுற்றுச் சின்னது என்று நீ சொல்லிக்கொடுத்ததைத்தான் கடையில் மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பந்து என்றாலே கால்பந்து என்று வளர்ந்த ஆட்கள், இப்போது அவர்களே "உங்க பொண்ணு டீம் ஜெயிச்சதா?" என்று கேட்கிறார்கள்.

அத்தை கோயிலில் எல்லோர் முன்னாலும், "அவ்வளவு தூரம் போய் வேர்வைத் துணியா துவைக்கிறாள்?" என்று கேட்டுவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. டென்னசி பல்கலைக்கழகத்தில் பேட் சம்மிட் என்ற பெண் 1974இல், 22 வயதில், பயிற்றுநர் பொறுப்பு எடுத்தபோது ஆட்டக்காரிகளின் சட்டையை அவரேதான் துவைத்தார், வேனையும் அவரே ஓட்டினார், அப்புறம் 1,098 ஆட்டம் ஜெயித்துக் காட்டினார் என்று சொன்னேன். அத்தை வாயைத் திறக்கவில்லை. இதெல்லாம் நீ சொன்னதுதானே, பாப்பா. போனை வை, கட்டணம் ஏறுகிறது என்று அம்மா கத்தினாலும் நீ வைக்க மாட்டாய். 2021 அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில் ஆண்களுக்குப் பெரிய உடற்பயிற்சிக் கூடமே போட்டுவிட்டு, பெண்களுக்கு ஒரு சின்ன அடுக்கு எடைக்கட்டை மட்டும் வைத்தார்கள் என்று எப்படிக் கொதித்தாய்! பள்ளி கல்லூரியில் ஆண் பெண் பேதம் கூடாது என்று அங்கே 1972லேயே சட்டம் வந்தும் இப்படியா என்று கேட்டாய். 2024இல் தென் கரோலினாவும் அயோவாவும் ஆடிய பெண்கள் இறுதி ஆட்டத்தை 18.9 மில்லியன் பேர் பார்த்தார்கள், ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு 14.8 மில்லியன்தான் என்று நடுராத்திரியில் எங்களை எழுப்பிச் சொன்னாய். அம்மா திட்டிக்கொண்டே சிரித்தாள்.

இப்போது மாதக்கணக்காகக் கூடைப்பந்து என்ற பேச்சே உன் வாயில் இல்லை. "ம்" என்கிறாய், "வேலை இருக்குப்பா" என்கிறாய். படிப்பு அதிகமாக இருக்கும், சரி. ஆனாலும் பெற்றவர்களிடம் பேச ஐந்து நிமிடமா கிடைக்காது?

போன வருஷ அணிப் படத்தைப் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறோம். இடது ஓரத்தில், தோளில் துண்டோடு, காலடியில் தண்ணீர் பாட்டில் கூடையோடு நீ நிற்கும் படம். இந்த வருஷப் படமும் வந்திருக்கிறது. தம்பி விரலால் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகக் காட்டினான். ஓரத்தில் வேறு ஒரு பெண் நிற்கிறாள். படம் எடுத்த அன்று அக்காவுக்கு வகுப்பு இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். வகுப்பாகத்தான் இருக்கும்.

சீனப் பள்ளித் திடலில் பிள்ளைகள் உன்னைச் சேர்க்காத நாளிலும் வலை இல்லாத அந்த வளையத்துக்கு அடியில் நின்று, வெளியே ஓடும் பந்தை எடுத்தெடுத்துக் கொடுத்தாய். மூன்றாவது வாரம் அவர்களே உன்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளை சும்மா விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். விட்டிருந்தால் காரணம் இருக்கும். படிப்புக் கட்டணத்தில் பாதிக்கு அந்த அணி வேலைதான் கைகொடுக்கிறது என்று முன்பு சொன்னாய், அதனால்தான் கேட்கிறேன். என் சேமநிதியில் இன்னும் பணம் இருக்கிறது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம், என்னிடம் சொல். உடம்புக்கு ஏதாவது என்றாலும் சொல். முட்டி வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றியும் நீ பேசுவதில்லை.

வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள், தம்பியும் தூங்குவான். அங்கே சனிக்கிழமை ராத்திரியாக இருக்கும், கணக்குப் பார்த்துக் கூப்பிடு. வீடியோ வேண்டாம், குரல் போதும். பனியில் வழுக்கும், பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடக்காதே.

அப்பா