உன்ர பேஸ்மென்ற்றில ஒரு மூலை

திருகோணமலை
ஐப்பசி

மச்சான்,

ஆறு மாசமா ஒரு வரியும் எழுதேல்லை. ஏசு, ஆனா கடைசிப் பந்தியை வாசிச்சிட்டு ஏசு. அம்மா சுகம். மழை இன்னும் துவங்கேல்லை. மான் கொப்பியைத் தின்ட அந்தப் பெடியன் போன கிழமை கலியாணம் கட்டிட்டான், நம்பு.

நிலாவெளி கெஸ்ட் ஹவுஸ்காரர் நாலு பேற்ற புக்கிங் சைட் என்ர சேர்வரில ஓடுறது தெரியும்தானே. ஆவணியில, நல்ல சீசன் நேரம், ரெண்டு நாள் ஒரு புக்கிங்கும் விழேல்லை. சைட் செத்திருந்தா ஆராவது போன் அடிச்சிருப்பினம். அது சாகேல்லையடா! முகப்புப் பக்கம் கேஷில, அதாவது முந்தி எடுத்து வைச்ச நகலில இருந்து, 200 ("எல்லாம் சரி") எண்ட பதிலோட பளிச்செண்டு வந்துகொண்டே இருந்தது. உள்ளுக்க டிஸ்க் நிரம்பி, டேட்டாபேஸ், மைஎஸ்கியூஎல், எழுத இடமில்லாமல் நிண்டிட்டுது. ஏதோ ஒரு பொட், தானா ஓடுற புரோகிராம், தேடல் பக்கத்தை விடாமல் தட்டினதில வாறதையெல்லாம் பதியிற லொக் பைல் பெருத்துப்போச்சு. பழைய லொக்கை வெட்டி அகற்றுற லொக்ரொட்டேற் போட மறந்தது ஆரெண்டு கேக்காதை.

சேர்வரைக் கவனிச்சு எச்சரிக்கிற ஸபிக்ஸ் போட்டிருந்தனான். அதே சேர்வரில! அதின்ர டேட்டாபேசும் அதே டிஸ்கில, ரெண்டும் சேர்ந்து படுத்திட்டுது. டிஸ்க் 80 வீதம் தாண்டேக்க மெயில் அனுப்பினதுதான். சிபியு சும்மா ஏறினாலும் மெயில் வருதெண்டு நான்தான் எல்லாத்தையும் ஒரு போல்டருக்குள்ள தள்ளி வைச்சிருந்தன்.

கெஸ்ட் ஹவுஸ் ஐயா ஒருத்தரிட்டைப் போய் ஒத்துக்கொண்டன். அவர் ஏசேல்லை. "எங்களுக்கு உழைப்பு அஞ்சு மாசம்தான் தம்பி" எண்டிட்டு பிளேன்டீ தந்தார். ஏசியிருந்தா அண்டைக்கு நித்திரையாவது வந்திருக்கும்.

அதுக்குப் பிறகு சேர்வருக்கு எந்தக் காவல்காரனை வைக்கிறதெண்டு இதே யோசினைதான். உன்ர நாகியோஸ், 1999இல நெற்செயின்ற் எண்டு துவங்கின கிழவன், இன்னும் திடமாத்தான் இருக்கு. அந்தக் கொன்பிக் பைலுகளை எழுத உன்ர பொறுமை எனக்கில்லை. ஆசைப்பட்டது புரொமீதியஸில, அளவுகளைச் சேர்த்து வைக்கிற காவல்காரன். "இந்தப் போக்கில போனா நாலு மணித்தியாலத்தில டிஸ்க் நிரம்பும்" எண்டு முந்தியே சொல்ல வைக்கலாம். ஆனா படத்துக்கு கிரபானா, செய்தி அனுப்ப அலேட்மனேஜர் எண்டு ரெண்டு சேர்வர்காரனுக்கு அது பெரிய குடும்பம். கிரபானா வடிவுதான். ரெண்டு நாள் ஏறி இறங்குற கோடுகளையே பாத்துக்கொண்டிருந்தன். இரவு ரெண்டு மணிக்கு அதை ஆர் பாக்கிறது?

கடைசியா அப்டைம் கூமாவைத்தான் எடுத்தன். சின்னது, வெப் பக்கத்தில நான் சொன்ன சொல் இருக்கோ எண்டு பாத்து, இல்லாட்டி டெலிகிராமில தட்டும். அதுக்கெண்டே ஒரு பக்கம் எழுதிட்டன்: ஒவ்வொருதரமும் டேட்டாபேசில ஒரு வரி எழுதிப் பாக்கும், டிஸ்கில 15 வீதமாவது மிச்சமிருக்கோ பாக்கும், ரெண்டும் ஒத்துவந்தாத்தான் "சரி" எண்டும். கேஷுக்கு அங்க வேலையில்லை. போனை அடிக்க விடுறது இந்த ஒண்டைத்தான். சிபியு கதையெல்லாம் காலமை தேத்தண்ணியோட பாக்கலாம்.

இதையும் என்ர சேர்வரிலயே போட்டா ஸபிக்ஸ் கதைதான். உன்ர பேஸ்மென்ற்றில தூசி தின்னுற ராஸ்பெரி பை எண்ட குட்டிக் கொம்பியூட்டரை எழுப்பி விடு. கரண்ட் காசு தரமாட்டன். அது நிண்டா இஞ்ச இருந்து நான் பாத்துச் சொல்லுவன். எனக்கு இரவு ரெண்டு மணியெண்டா ரொறன்ரோவில பின்னேரம் நாலரை, நீ முழிப்புத்தானே. டெலிகிராமுக்கு நான் எழும்பாட்டி போன் அடி. என்ர நம்பருக்கில்லை, அம்மாட நம்பருக்கு.