முன்பக்க சஸ்பென்ஷன் தொகுப்பும் அதனுடன் வந்த வழிகாட்டித் தாளும்: புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: முன்பக்க ஸ்ட்ரட் தொகுப்பில் தவறான பாகம் வந்தது, ஆபத்தான வழிகாட்டித் தாள், வாரண்டி மறுப்பு தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் இணையக் கடையில் என் காருக்கு முன்பக்க சஸ்பென்ஷன் தொகுப்பு வாங்கினேன். அதை வீட்டில் நானே மாற்ற இறங்கியபோது நடந்ததை முழுதாக எழுதுகிறேன். தொலைபேசியில் இரண்டு முறையும் மின்னஞ்சலில் மூன்று முறையும் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் பேச்சு 'தவறான பாகம்' என்ற இடத்தோடு நின்றுபோகிறது. தவறான பாகம் வந்தது உண்மைதான், அதைப் பற்றியும் கீழே சொல்கிறேன். அதைவிட என்னைக் கலங்க வைத்தது பெட்டிக்குள் இருந்த நாலு பக்க வழிகாட்டித் தாள். இந்தக் கடிதத்தை முக்கியமாக அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் மெக்கானிக் இல்லை. இதற்கு முன் காரில் என் கையால் செய்த வேலை இன்ஜின் ஆயில் மாற்றியதும் பிரேக் பேட் மாற்றியதும்தான். முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் ஆயில் கசிந்து வெளிக்குழாய் ஈரமாக இருந்தது. வேகத்தடை தாண்டினால் கார் இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆடித்தான் அடங்கும். பிரேக் பிடித்தால் முன்பக்கம் குனியும். மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலையில்தான் உங்கள் விளம்பரம் கண்ணில் பட்டது. "முழுத் தொகுப்பு. புதியவர்களும் ஒரே மதியத்தில் வீட்டிலேயே மாட்டலாம். சிறப்புக் கருவி எதுவும் தேவையில்லை." இந்த மூன்று வரியை நம்பித்தான் வாங்கினேன்.

ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் அமரும் தூண் போன்ற பாகம்தான் ஸ்ட்ரட். ஸ்பிரிங், ஸ்ட்ரட்டைக் காரின் உடலோடு பிணைக்கும் மேல் மவுண்ட் எல்லாம் கோத்து ஒரே துண்டாக வரும் ஸ்ட்ரட்டுகள் உண்டு என்று படித்திருந்தேன். அவற்றை மாட்டுவதற்கு ஸ்பிரிங்கைப் பிரிக்கவே வேண்டாம். 'முழுத் தொகுப்பு' என்றும் 'சிறப்புக் கருவி தேவையில்லை' என்றும் சேர்த்துச் சொன்னால், வாங்குகிறவர் அதைத்தான் நினைப்பார். வந்து இறங்கியதோ ஷாக் அப்சார்பர், மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் என்று தனித்தனியாக. ஸ்பிரிங் இல்லை. பழைய ஸ்பிரிங்கையே கழற்றிப் புதியதில் மாட்டிக்கொள்ள வேண்டுமாம். அப்போதே திருப்பி அனுப்பியிருக்கலாம். தாளைப் புரட்டிப் பார்த்தேன், எளிதாகத்தான் தெரிந்தது. சரி, செய்துவிடலாம் என்று தொடங்கினேன்.

நான் அலட்சியமாக இருந்ததுபோல் உங்கள் இரண்டாவது மின்னஞ்சலில் ஒரு தொனி இருந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சமதளமான சிமெண்ட் தரையில்தான் காரை நிறுத்தினேன். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்து, அசைத்துப் பார்த்த பிறகே சக்கரத்தைக் கழற்றினேன். முந்தைய நாளே போல்ட்களுக்குத் துருநீக்கி அடித்து ஊற வைத்திருந்தேன். பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் சென்சார் வயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து பிரித்த பிறகுதான், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் போல்ட்டில் கை வைத்தேன். நக்கிள் சாய்ந்து ஹோஸை இழுக்காமல் இருக்கக் கம்பி போட்டுக் கட்டினேன். இவற்றில் ஒன்றுகூட உங்கள் தாளில் இல்லை. எல்லாம் நானாகத் தேடிப் படித்தவை.

இப்போது உங்கள் தாளின் நாலாவது படிக்கு வருகிறேன். அதில் உள்ளது இது மட்டுமே: "மேல் நட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துப் புதிய ஸ்ட்ரட்டில் பொருத்தவும்." பக்கத்தில் ஒரு படம். ஸ்ட்ரட் தரையில் நிற்கிறது, ஒரு கை ரிங் ஸ்பேனரால் மேல் நட்டைத் திருகுகிறது. ஸ்பிரிங்கின் மேல் எந்தக் கருவியும் இல்லை.

நானும் அப்படியே செய்யப்போனேன். ஸ்ட்ரட்டை நிறுத்தி, நட்டில் ஸ்பேனரை மாட்டிவிட்டேன். வெளிச்சம் போதவில்லை என்று என் 14 வயது மகள் டார்ச் பிடித்துக்கொண்டு அந்த நட்டுக்கு நேர் மேலே குனிந்து நின்றாள். ஸ்பேனரை அழுத்தும் முன் தற்செயலாக ஸ்பிரிங்கைக் கையால் ஆட்டிப் பார்த்தேன். இம்மிகூட அசையவில்லை. காரின் எடை அதன்மேல் இல்லை, சக்கரம் இல்லை, ஸ்ட்ரட்டே காரை விட்டு வெளியே வந்தாகிவிட்டது. அப்படியிருந்தும் ஸ்பிரிங் ஏன் தளரவில்லை? தளர்ந்திருந்தால் கடகடவென்று ஆட வேண்டுமே? அந்தக் கேள்வி வந்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மகளைத் தள்ளி நிற்கச் சொன்னேன்.

உங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்கு இது தெரியாமல் இருக்காது. ஸ்ட்ரட் வெளியே வந்த பிறகும் ஸ்பிரிங் மேல் தட்டுக்கும் கீழ் தட்டுக்கும் நடுவே அமுங்கியேதான் இருக்கிறது. அதை அடக்கி வைத்திருப்பது அந்த ஒரே ஒரு மேல் நட்டு. சாதாரண காரின் முன் ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்கவே 2, 3 கிலோ எடை வேண்டும். அந்தக் கணக்கில் 5 சென்டிமீட்டர் அமுங்கியிருந்தாலே நூறு கிலோவுக்குக் குறையாத விசை அதற்குள் காத்திருக்கிறது. நட்டு கடைசி மரையைத் தாண்டிய நொடியில் மவுண்டும் தட்டும் ஸ்பிரிங்கும் சேர்ந்து மேலே பாயும். மேலே என் மகளின் முகம் இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த வேலைக்கென்றே ஸ்பிரிங் கம்ப்ரசர் என்று ஒரு கருவி இருக்கிறது. ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில் கொக்கிகளை மாட்டி, இரண்டு திருகையும் மாற்றி மாற்றிச் சில சுற்றுகளாக முடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் முடுக்கினால் ஸ்பிரிங் வளைந்து கொக்கி நழுவும். ஸ்பிரிங்கின் நுனி தட்டை விட்டு விலகி, மேல் மவுண்ட் கையால் சுழலும் அளவுக்குத் தளர்ந்த பிறகுதான் நட்டைத் தொடலாம். நான் அந்தக் கருவியை வாடகைக்கு எடுத்து, யாரையும் பக்கத்தில் விடாமல் இரண்டு மாலை செலவழித்து இடப்பக்கத்தை முடித்தேன். 'ஒரே மதியம்', 'சிறப்புக் கருவி தேவையில்லை' என்று எந்தத் துணிச்சலில் எழுதினீர்கள்? உங்கள் தாளில் ஸ்பிரிங் கம்ப்ரசர் என்ற சொல்கூட எங்கும் இல்லை. அனுபவமுள்ள மெக்கானிக்குக் கையேடே வேண்டாம். உங்கள் தாளை எழுத்து விடாமல் படித்து அப்படியே செய்யப்போகிறவர் என்னைப் போன்ற புதியவர்தான். அவரிடம்தான் இந்தக் கருவி வேண்டும் என்பதை மறைத்திருக்கிறீர்கள்.

தாளில் வேறு தவறுகளும் உண்டு. நட்டை முடுக்கும்போது ஷாக் அப்சார்பரின் ராடும் சேர்ந்து சுற்றினால், "ராடைப் பிளேயரால் பிடித்துக்கொள்ளவும்" என்று ஆறாவது படி சொல்கிறது. அது புதிய ஸ்ட்ரட்டின் ராடு! கண்ணாடிபோல் மெருகேற்றிய அந்தப் பரப்பில் பிளேயரின் பல் பட்டுக் கீறல் விழுந்தால், ராடு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கீறல் ஆயில் சீலை அறுக்கும். சில மாதத்தில் ஆயில் கசியும். பிறகு வாடிக்கையாளர் வாரண்டி கேட்டு வந்தால், ராடில் கீறல் இருக்கிறது என்று நீங்களே திருப்பி அனுப்புவீர்கள். ராடின் நுனியிலேயே ஆலன் கீ நுழைக்க அறுகோணக் குழி இருக்கிறது. அதில் கீயை நிறுத்திப் பிடித்து, வெளியே வளைந்த ரிங் ஸ்பேனரால் நட்டை முடுக்கினால் போதும். உங்கள் பாகத்திலேயே அந்தக் குழியை வைத்துவிட்டுப் பிளேயரை எடுக்கச் சொல்கிறீர்கள்.

எந்த நட்டை எவ்வளவு முடுக்க வேண்டும் என்பதற்கு ஓர் எண்கூட இல்லை. எல்லா இடத்திலும் "நன்றாக இறுக்கவும்" என்று ஒரே சொல். என் காரின் பட்டறைக் கையேட்டில் மேல் நட்டுக்கு 60 நியூட்டன் மீட்டர், நக்கிள் போல்ட்டுக்கு 120. ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு. முதல்முறை செய்கிறவருக்கு 'நன்றாக' என்பது எதைச் சொல்லும்? ஒருமுறை கழற்றினால் மாற்ற வேண்டிய லாக் நட்டுகளைப் பழையதையே போடச் சொல்வதும், சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் உள் போல்ட்டைத் தளர்த்தச் சொல்லிவிட்டுச் சக்கரம் தொங்கும் நிலையிலேயே திரும்ப முடுக்கச் சொல்வதும் தவறு. காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு முடுக்கவில்லை என்றால் அந்த போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்றும் எங்கும் சொல்லவில்லை.

இனி பாகத்தின் விஷயம். வலப்பக்கப் பழைய ஸ்ட்ரட்டைக் கழற்றி, கம்ப்ரசர் போட்டு ஸ்பிரிங்கை எடுத்து, புதியதைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தேன். பிரேக் ஹோஸ் மாட்டும் பிராக்கெட்டும் லிங்க் ராடு மாட்டும் காதும் தவறான பக்கம் பார்த்தன. இடப்பக்கத்தில் மாட்டியதை எடுத்த புகைப்படத்தோடு ஒப்பிட்டேன். கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிரெதிராக இருக்க வேண்டியவை, ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. பெட்டி மேல் ஒட்டியிருப்பது வலது என்ற ஸ்டிக்கர், உள்ளே இருப்பது இன்னொரு இடது. குழாயில் பொறித்த பாக எண்ணும் இரண்டிலும் ஒன்றே. பெட்டியில் அடைக்கும்போது இப்படிக் கை மாறுவது நடக்கக்கூடியதுதான், அதற்காக நான் சண்டைக்கு வரவில்லை.

வருத்தம் அதற்குப் பின் வந்த பதில்களில்தான். முதல் முறை தொலைபேசியில் பேசியவர், பிராக்கெட்டை லேசாக வளைத்து மாட்டிப் பார்க்கச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிரேக் ஹோஸ் போகும் வழி மாறினால், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது அது டயரில் உரசும். உரசி உரசி ஒருநாள் அறுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது மின்னஞ்சலுக்கு வந்த பதில் வேறு மாதிரி: அங்கீகரிக்கப்பட்ட பட்டறையில் மாட்டாததால் வாரண்டி செல்லாதாம், பெட்டியைப் பிரித்துவிட்டதால் மாற்றித் தரவும் இயலாதாம். வீட்டிலேயே மாட்டலாம் என்று சொல்லி விற்றவர்கள் நீங்கள். வீட்டில் மாட்டினேன் என்பதையே காரணமாகக் காட்டிக் கைவிரிப்பது எந்த நியாயத்தில் சேரும்?

இன்றோடு 19 நாட்களாகக் கார் ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. பழைய வலப்பக்க ஸ்ட்ரட்டையே திரும்ப மாட்டி ஓட்டலாமே என்று கேட்டீர்கள். அதன் ராடைக் கையால் உள்ளே தள்ளினால் தடையே இல்லாமல் போய் அங்கேயே கிடக்கிறது. உங்கள் புதியதோ அழுத்தினால் எதிர்த்து, விட்டதும் சீராக மெல்ல எழுகிறது. பொருளின் தரத்தில் எனக்குக் குறை இல்லை என்பதை மனமாரச் சொல்கிறேன். ஆனால் ஒரு பக்கம் இப்படி, மறுபக்கம் அப்படி இருக்கும் காரில் என் குடும்பத்தை ஏற்ற மாட்டேன். அம்மாவை வாரம் இருமுறை சிகிச்சைக்கு அழைத்துப்போக வாடகைக் கார் பிடிக்கிறோம்.

சரியான வலப்பக்க ஸ்ட்ரட்டையும், இரண்டு பக்கத்துக்கும் புதிய லாக் நட்டுகளையும் உங்கள் செலவில் உடனே அனுப்பி வையுங்கள். நானே மாட்டினாலும் வாரண்டி செல்லும் என்று எழுத்தில் தாருங்கள். கம்ப்ரசர் வாடகைக்கும் இந்த நாட்களின் வாடகைக் காருக்கும் ரசீது வைத்திருக்கிறேன், அந்தத் தொகையையும் கேட்கிறேன். இவை தாமதமானால்கூட ஓரளவு பொறுத்துக்கொள்வேன். நாலாவது படியை ஒருநாள்கூட அப்படியே விட்டுவைக்காதீர்கள். 'சிறப்புக் கருவி தேவையில்லை' என்ற வரியை விளம்பரத்திலிருந்து இன்றே எடுங்கள். ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாமல் மேல் நட்டைத் தொடக்கூடாது என்று தாளின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில், படத்தோடு அச்சிடுங்கள். இதே தொகுப்பை ஏற்கெனவே வாங்கியவர்களின் முகவரியும் எண்ணும் உங்களிடம் இருக்கின்றன. அவர்கள் ஒவ்வொருவருக்கும் எச்சரிக்கை அனுப்புங்கள். இந்த வார இறுதியில் வேலையைத் தொடங்கலாம் என்று பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருப்பவர் அவர்களில் யாராவது இருக்கலாம்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வரவில்லை என்றால், இந்தக் கடிதத்தையும் தாளின் நகலையும் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடம் கொடுப்பேன்.

இரண்டு ஸ்ட்ரட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படங்கள், பாக எண் தெரியும் படம், பெட்டி ஸ்டிக்கரின் படம், வழிகாட்டித் தாளின் நாலு பக்கங்கள், ரசீதுகள், நமக்குள் நடந்த மின்னஞ்சல்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். தவறாக வந்த ஸ்ட்ரட்டை அதன் பெட்டியிலேயே திரும்ப வைத்து ஒட்டிவிட்டேன். அதன் ராடில் ஒரு கீறல்கூட இல்லை. உங்கள் ஆள் எந்த நாளும் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்