செயலாளர் ஆண்டறிக்கை: குறைந்த ரேட்டுக்குக் குரல் கொடுக்கலாமா?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, குரல் கலைஞர்களான உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். கூட்டம்தோறும் நம்மைக் காரசாரமாகப் பேசவைத்தது ரேட் விவகாரம்தான் என்பதால், அறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

மதுரையில் நமக்கு வருவது ஜவுளிக்கடை விளம்பரம், லோக்கல் கேபிள் டிவியில் ஓடும் ஸ்பாட் என்ற குட்டி விளம்பரம், ஆட்டோ அறிவிப்பு, தேர்தல் வந்தால் வாக்குக் கேட்கும் பதிவு, இப்போது யூடியூப் கதைகள். இதற்கெல்லாம் நிர்ணயித்த தொகை என்று எதுவும் கிடையாது.

ஆடித் தள்ளுபடிக்கு நம் தங்கை ஒருவர் 500 ரூபாய்க்கு ஒரு ஸ்பாட் பேசினார். கடைக்காரர் தேதியை மாற்றினார், தங்கை மறுபடி பேசினார். "இன்னும் கொஞ்சம் குஷியா" என்றார்கள், மறுபடி பேசினார். மாசி வீதிப் பக்கம் வீடு. பகலெல்லாம் ஹாரன் சத்தம். அதனால் எல்லா டேக்கும் நள்ளிரவுக்கு மேல், ஃபேனை அணைத்து, ஜன்னலில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு எடுத்தவை. தீபாவளிக்கு 'ஆடி'யை மட்டும் வெட்டிவிட்டு அதே குரலைத் தேனியிலும் திண்டுக்கல்லிலும் ஓட்டினார்கள். கூடுதலாக ஒரு பைசா வரவில்லை. கேட்டபோது வயிறு எரிந்தது.

குறைந்த ரேட்டுக்கு ஒத்துக்கொள்பவர் எல்லோர் வயிற்றிலும் அடிக்கிறார் என்று மூத்தவர்கள் சிலர் சொல்கிறார்கள். அதை முழுதாக ஏற்க எனக்கு மனமில்லை. இப்போதுதான் மைக் வாங்கிய பிள்ளைக்குக் கைவசம் நாலு சாம்பிளாவது வேண்டாமா? பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் வாசித்துக் கொடுப்பதற்கோ ஊர்த் திருவிழா அறிவிப்புக்கோ நாம் காசு பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம். ஆனால் வியாபாரத்துக்குப் பேசும்போது, தொகை குறைந்தால் உபயோகமும் குறைய வேண்டும். எந்த ஊர், எத்தனை மாதம், எத்தனை கரெக்‌ஷன் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

சட்டம் இதில் நம் பக்கம் நிற்கிறது. பதிப்புரிமைச் சட்டப்படி, நிகழ்த்துகலைஞர், அதாவது பாடியோ நடித்தோ பேசியோ தருபவர், தன் உரிமையை எழுத்து மூலமாகத்தான் மாற்றித் தர முடியும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றே கொள்ளப்படும்.

மனிதரைப் போலப் பேச ஏஐ-க்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிக்குக் குரல் கேட்டு வரும் வேலைகளில் தொகை சற்றுக் கூடுதலாகத் தெரியும். எவ்வளவு கொடுத்தாலும் 'எல்லா உரிமையும் நிரந்தரமாக' என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பாடகர் அர்ஜித் சிங் தொடர்ந்த வழக்கில், அவர் குரலை ஏஐ மூலம் போலி செய்வதற்கு பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் இடைக்காலத் தடை விதித்தது. அவ்வளவு பெரிய பாடகரே கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது.

பாதித் தொகை முன்பணம், இரண்டு கரெக்‌ஷனுக்கு மேல் தனிக் கட்டணம் என்ற தீர்மானத்தை முன்வைக்கிறேன். ஒரு பக்க மாதிரி ஒப்பந்தம் பொருளாளரிடம் இருக்கிறது. ஆளுக்கொரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.