தூசியை உதறச் சொன்னது யாரைப் பார்த்து?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் ஆன்மீகப் பக்கத்தில் ஒரு வரி வந்திருந்தது. நம்பாதவனோடு கதைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம், கால் தூசியை உதறிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள் என்று. மூன்று தரம் வாசித்தேன். பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு முற்றம் கூட்டப் போனேன். கூட்டி முடிந்தும் மனம் ஆறவில்லை.

நான் கிறிஸ்தவள். மானிப்பாயில் பிறந்து, அமெரிக்க மிஷன் வழிவந்த சபையில் ஞானஸ்நானம் பெற்று, முப்பத்துநாலு வருடம் பிள்ளைகளைப் படிப்பித்தவள். அந்த வரியை வேறு யாராவது எழுதியிருந்தால் கடந்து போயிருப்பேன். என் விசுவாசத்தின் பெயரால் எழுதப்பட்டதால்தான் நோகிறது.

தூசியை உதறும்படி ஆண்டவர் சொன்னது உண்மை. மத்தேயு பத்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் அது, ஏற்றுக்கொள்ளாமலும் சொல்வதைக் கேளாமலும் போகிறவர்களைப் பற்றியது. கேள்வி கேட்கிறவர் அந்தக் கூட்டத்தில் சேர்வாரா? நாங்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டதால்தானே அவருக்குக் கேள்வி வந்தது? யூதத் தலைவர்களில் ஒருவரான நிக்கொதேமு இரவில் வந்து கேட்ட கேள்விகளுக்கு ஆண்டவர் இருந்து பதில் சொன்னார். யூதர் சம்பந்தம் வைக்காத சமாரியரில் ஒரு பெண்ணிடம் அவர் முதலில் கேட்டது குடிக்கத் தண்ணீர்.

எங்கள் பக்கத்து வளவில் ஒரு மாஸ்டர் இருந்தார். கடவுள் இல்லை என்பவர். ஒடுக்கப்பட்ட சாதியினரையும் கோயிலுக்குள் விடச் சொல்லி 1968இல் நடந்த மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்துக்கு ஆதரவாகப் போய் நின்றவர். பின்னேரங்களில் வேலிக்கரையில் நின்று ஏதாவது கேட்பார். அவர் கேள்விகளில் பகிடி இராது.

1995 யூலை 9ஆம் திகதி நவாலி தேவாலயத்தில் குண்டு விழுந்தது. அகதியாக வந்து ஆண்டவர் சந்நிதியில் இருந்த சனம், சைவர்களும் கிறிஸ்தவர்களுமாக, நூற்றுக்கு மேல் செத்துப்போனார்கள். தாங்கள் அறியாததல்ல. மாஸ்டரின் சகோதரியின் மகளும் அதில் ஒருத்தி. மூன்றாம் நாள் அவர் என்னிடம் கேட்டார்: "ரீச்சர், உங்கட ஆண்டவர் அந்த நேரம் எங்க இருந்தவர்?" நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "எல்லாம் அவருடைய சித்தம், மாஸ்டர்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு போய்விட்டார். அதன்பின் வேலிக்கரைக்கு வரவில்லை.

அதே வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, இராணுவம் நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பகுதிச் சனமே வீடு வாசலை விட்டு எழும்பி நடந்தது. மழை. நடக்க முடியாத என் அம்மாவை வைத்துக்கொண்டு படலையடியில் நின்றேன். மாஸ்டர் சைக்கிளோடு வந்தார். ஒரு சொல்லும் பேசாமல் அம்மாவைத் தூக்கிக் கரியரில் இருத்தி, செம்மணி வெளியாலே நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை உருட்டிக்கொண்டு வந்தார். வழியில் சொன்னேன்: "மாஸ்டர், அண்டைக்கு நான் சொன்னது பிழை." "விடுங்கோ ரீச்சர், அம்மாவைப் பிடியுங்கோ" என்றார்.

திரும்பி வந்த பிறகு அவர் மீண்டும் வேலிக்கரைக்கு வந்தார். ஒருநாள், "எங்கட சனத்தைக் கோயிலுக்குள்ள விடேல்ல எண்டு சண்டை பிடிச்சனாங்கள். உங்கட தேவாலயத்தில முன் வாங்கில ஆர் இருந்தது, பின் வாங்கில ஆர் இருந்தது?" என்று கேட்டார். என்னிடம் மறைக்க எதுவும் இல்லை. சாதி பார்த்தோம், அது பாவம் என்று ஒத்துக்கொண்டேன். அன்றுதான் என்னிடம் வேதப்புத்தகம் இரவல் கேட்டார். நீதிமான் ஏன் துன்பப்படுகிறான் என்று கேட்கும் யோபுவின் புத்தகத்தை மட்டும் இரண்டு வருடம் வாசித்தார். கடைசிவரை ஞானஸ்நானம் பெறவில்லை. அவரோடு கதைத்த நேரம் வீண் என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

இந்த அவசரம் புதிதல்ல. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சைவக் குடும்பத்தின் செத்தவீட்டில், பிரேதம் எடுக்க முன்னரே, சாவுக்குப் பின் நீ எங்கே போவாய் என்று கேட்கும் துண்டுப்பிரசுரத்தை ஒரு பொடியன் பந்தலில் கொடுத்துக்கொண்டு போனான். ஆஸ்பத்திரி வாட்டில் மூச்சு விடக் கஷ்டப்பட்ட ஒரு அம்மாவிடம், விபூதியை அழித்தால்தான் ஜெபம் பலிக்கும் என்று ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். ஒலிபெருக்கிகளைப் பற்றி எழுதப் போனால் பக்கம் போதாது. பிறகு, சனம் ஏன் படலையைச் சாத்துகிறது என்று கேட்கிறார்கள்.

இது யாழ்ப்பாணம். பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது பக்கத்தில் இருந்து உதவியவர், திருநீறு பூசிய ஆறுமுக நாவலர். ஒரு சைவர் கை வைத்து வந்த தமிழிலும் நாங்கள் வேதம் கேட்டிருக்கிறோம். எங்கள் மிஷன்காரர் பலர் சைவத்தை ஏளனம் செய்து எழுதியதன் பலன்தான் 1854இல் நாவலர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம் என்ற மறுப்பு நூல். அதைப் படித்து நாங்கள் கோபப்படுவதற்கு முன் வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

1 பேதுரு 3:15 சொல்கிறது: உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல" ஆயத்தமாயிருங்கள் என்று. அந்தப் பழைய தமிழில் உத்தரவு என்றால் மறுமொழி. எங்கள் ஆட்களில் சிலர் அதைக் கட்டளை என்று விளங்கிக்கொண்டார்கள் போல இருக்கிறது. வணக்கத்தோடு என்றும் அங்கே எழுதியிருக்கிறது. கேட்கிறவருக்கு முன் நாங்கள் பணிந்து நிற்க வேண்டும்.

கட்டுரையாளரை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. வருகிற ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், இந்த ஒரு வசனத்தை முழுதாகப் போட்டுவிடுங்கள். போன வருடம் நான் எழுதிய கடிதத்தை நாலு வரியாகச் சுருக்கினீர்கள். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இதையும் சுருக்க வேண்டி வந்தால் என் கதையை வெட்டுங்கள், வசனத்தை வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மானிப்பாய்.