வரைபடத்தைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள்

கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம் தயாரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் சென்னைக்கு வடக்கே ஒரு குப்பத்தில் பிறந்தவன். கடலுக்குப் போனதில்லை. அப்பா நாற்பது வருஷம் போனார். அந்தக் காசில் படித்து இப்போது கணக்கு எழுதிப் பிழைக்கிறேன்.

போன மாதம் எங்கள் கரையின் வரைவு வரைபடத்தை அச்சடித்து அப்பா முன்னால் விரித்தேன். அவர் முதலில் செய்த காரியம், தாளைத் திருப்பி வைத்ததுதான். வடக்கு மேலே இருப்பது உங்கள் வழக்கம். அவருக்குக் கடல் எதிரில் இருக்க வேண்டும், ஊர் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். திருப்பியதும் விரலை வைத்துத் தேட ஆரம்பித்தார். எல்லையம்மன் கோயில் எங்கே, ஐஸ் போடுகிற கொட்டகை எங்கே, ஏலம் போடுகிற மணல் எங்கே. கால்மணி நேரம் பார்த்துவிட்டு, "இதுல ரோடுதான்டா இருக்குது" என்றார்.

அவர் மேலும் தப்பில்லை, உங்கள் மேலும் முழுக்கத் தப்பில்லை. அந்தத் தாள் 1:25,000 அளவில் போட்டது. அதாவது ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 250 மீட்டர். நாங்கள் படகு ஏற்றுகிற மணல் நூறு மீட்டர் இருக்கும். தாளில் அது நான்கு மில்லிமீட்டர், ஒரு அரிசி நீளம்கூடக் கிடையாது. கடலோரத்தில் எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் மத்திய அரசின் 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் நெருக்கமுள்ள கிராமக் கரைகளில் கட்டடம் கட்டக் கூடாத தூரத்தை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்ததே, அந்த 50 மீட்டர் இந்தத் தாளில் இரண்டு மில்லிமீட்டர். கொஞ்சம் மொத்தமான பேனாவால் கோடு இழுத்தால் ஊரின் பாதி எதிர்காலம் மைக்கு அடியில் போய்விடும்.

இதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. கிராம அளவில் ஏறத்தாழ 1:4,000 வரைபடம் போட வேண்டும் என்று அதற்கு முந்தைய 2011 அறிவிக்கையும் சொல்கிறது, 2019 அறிவிக்கையும் சொல்கிறது. மீனவ கிராமம், எங்கள் பொதுச் சொத்து, மீன் உலர்த்தும் இடம், ஐஸ் கொட்டகை எல்லாம் அதில் குறிக்கப்பட வேண்டும். மீன்பிடிப் பகுதிகளையும் மீன் குஞ்சு பொரிக்கிற இடங்களையும் தெளிவாகக் காட்ட வேண்டும். இன்னும் பல வருஷத்துக்கு எங்கள் பிள்ளைகள் வீடு கட்ட எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்கும் தனித் திட்டம் வேண்டும். அந்த அளவில் எங்கள் மணல் இரண்டரை சென்டிமீட்டர் வரும். அப்பா கண்ணாடி போடாமலேயே கண்டுபிடித்துவிடுவார். 2023 ஆகஸ்டில் கடலோர மாவட்டங்களில் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தபோது மீனவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதும் இதைத்தான்: எங்கள் ஊர் எங்கே, வீட்டுத் திட்டம் எங்கே?

இதை ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறோம் என்று தோன்றலாம். எண்ணூரைப் பாருங்கள். 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த வரைபடத்தில் எண்ணூர் கழிமுகமும் அதைச் சுற்றி அலைநீர் ஏறி இறங்கும் நிலமும் கைவைக்கக் கூடாத பகுதியாக இருந்தன. 2017-இல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது கையில் கிடைத்த இன்னொரு வரைபடத்தில் கழிமுகத்தின் பெரும்பகுதி காணோம். தண்ணீர் அங்கேயேதான் இருந்தது, இறாலும் அங்கேயேதான் இருந்தது, தாளில் மட்டும் இல்லை. இதைக் கண்டுபிடித்து வெளியே சொன்னது எந்தச் செயற்கைக்கோளும் இல்லை. அந்தக் கழிமுகத்தில் இறங்கி இறால் தடவுகிறவர்களும் அவர்களோடு நின்ற சில ஆர்வலர்களும்தான்.

அதே 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தது. தார் மாதிரி கெட்டியாக இருந்த அதை மீனவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் பக்கெட்டால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் பரவியபோதும் மீனவர்கள் சொந்தப் படகில் போய் அள்ளினார்கள். மக்கள் பங்கேற்பு என்கிறீர்களே, கெட்டுப்போன பிறகு அதற்குக் குறையே வருவதில்லை. பக்கெட் பிடிக்கக் கூப்பிடுகிற கை, பென்சில் பிடிக்கவும் கூப்பிட வேண்டும் என்கிறேன்.

மீனவர்களுக்கு வரைபடம் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கன்னியாகுமரிக் கரையில் கணியம் என்று ஒன்று உண்டு. கரையில் தெரிகிற மலையையும் கோயில் கோபுரத்தையும் தென்னையையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்து, கடலுக்கு அடியில் மீன் கூடுகிற பாறைத் திட்டு, அதாவது பார், சரியாக எங்கே என்று சொல்லிவிடுவார்கள். ஜிபிஎஸ் வருவதற்குப் பல தலைமுறை முன்னாலிருந்தே அப்படித்தான். எங்கள் பக்கம் பழவேற்காட்டு ஏரியில் பாடு இருக்கிறது. எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. ஒருத்தன் முறையில் இன்னொருத்தன் வலை இறங்காது. தண்ணீரில் யாரும் கோடு கிழிக்கவில்லை, ஆனால் கோடு எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

சரி, ஊர் சொன்னால் எல்லாம் நியாயமாகிவிடுமா என்றால், ஆகாது. அந்தப் பாடே எல்லாருக்கும் கிடையாது. குறிப்பிட்ட சமூகத்தாருக்கு மட்டும்தான் பாடு உண்டு. வாயில் பறிக்கூடையைக் கடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் கையால் இறால் பிடிக்கிற இருளர்களுக்கு அதில் இடமில்லை. ஊர்ப் பஞ்சாயத்துகளில் பெண்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, மீன் விற்கிற பணமெல்லாம் அவர்கள் கையில்தான் புரள்கிறது என்றாலும். மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளுகிற சுருக்குமடி வலை என்று பேச்செடுத்தால் பக்கத்துப் பக்கத்துக் குப்பங்களே அடித்துக்கொள்கின்றன. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது இழுவலைப் படகுகள் பக்கம் விரல் நீண்டது, அதிலும் அர்த்தம் இருந்தது. அந்த ஆமை முட்டைகளுக்காக 1988 முதல் ராத்திரி ராத்திரியாக மணலில் நடக்கிற மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் பொதுமக்கள்தான். கூப்பிட்டால் ஒரே குரல் வராது, சத்தம்தான் வரும். அந்தச் சத்தம் வரைபடம் போடுவதற்கு முன்னால் வரட்டும். போட்டு முடித்து, மண்டபம் பிடித்து, ஆளுக்கு இரண்டு நிமிஷம் மைக் கொடுத்தால் அது வெறும் கூச்சலாகத்தான் முடியும்.

மாவட்டத்துக்கு ஒரு குழு இருக்கிறது, ஆட்சியர் தலைமையில். பாரம்பரியக் கடலோர மக்களிலிருந்து குறைந்தது மூன்று பேர் அதில் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் குப்பத்தில் அந்த மூன்று பேர் யார் என்று விசாரித்தேன். டீக்கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த மூன்று பேரை ஊர்களே தேர்ந்தெடுக்கட்டும், அதில் ஒருவராவது மீன் விற்கிற அம்மாவாக இருக்கட்டும். கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி ஏலக்கூடத்தில் ஒட்டினால் போதும். ஆட்சேபனை கொடுத்தவருக்கு, ஏற்றோம் அல்லது இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்று ஒரு வரி பதில் வரட்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

அப்பாவின் தாள் இப்போது என் மேசையில் இருக்கிறது. அன்று ராத்திரி பேரனின் கலர் பென்சிலை வாங்கி வரைந்தார். பச்சையில் கருவாடு காய்கிற மணல், சிவப்பில் 2011 ‘தானே’ புயலுக்கு அலை ஏறி வந்த இடம், நீலத்தில் முகத்துவாரம் வருஷா வருஷம் நகர்கிற தூரம். நீலத்தில் மட்டும் ஒரு கோடு போதவில்லை, ஐந்தாறு போட்டார். பழைய முகம், அதற்கு முந்தின முகம் என்று. உங்கள் வரைபடத்தில் முகத்துவாரம் ஒரே இடத்தில் நிற்கிறது.

ஒரு நாள் வாருங்கள். காலை ஐந்தரைக்கு வந்தால் ஏலம் நடக்கும், எங்கே எவ்வளவு இடம் வேண்டும் என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். எட்டு மணிக்கு மேல் ஆட்கள் வலை தைக்க உட்காருவார்கள், அப்போது பேசலாம். வரும்போது 1:4,000 தாளைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவாருங்கள். அப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. பென்சில் எங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
கரையில் உட்கார்ந்து கணக்கு எழுதும் ஒரு மீனவர் மகன்