நான்கு தந்திகளின் பங்கு

ஐயா,

‘தி ஸ்மித்ஸ்’ என்ற இங்கிலாந்து ராக் இசைக் குழுவில் பேஸ் கிட்டார் (தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் நான்கு தந்திக் கிட்டார்) வாசித்த ஆண்டி ரூர்க் கணையப் புற்றுநோயால் 59 வயதில் மறைந்த செய்தியைத் தங்கள் இதழில் வாசித்தேன். அதில் பாதிக்கு மேல் அக்குழுவின் பாடகர் மோரிஸி, கிட்டார் கலைஞர் ஜானி மார் பற்றியே இருந்தது வருத்தமளித்தது. ரூர்க்கின் பேஸ் வெறும் தாளத் துணையன்று. தனியே முணுமுணுக்கத்தக்க இரண்டாம் மெட்டு. 1985-இல் வந்த ‘பார்பரிசம் பிகின்ஸ் அட் ஹோம்’ என்ற அவர்களின் பாடல் ஏறத்தாழ ஏழு நிமிடம் ஓடுகிறது. அதைத் தாங்கி நடத்துவது ரூர்க்கின் வாசிப்பே.

ஆலயப் பாடகர் குழுவில் நான் பேஸ் வாசிக்கிறேன். ஒருமுறை நான் செல்லாதபோது, “ஏதோ குறைகிறது” என்றார்களாம். எது என்று எவராலும் சொல்ல முடியவில்லை. ரூர்க்கின் வாசிப்பை விளக்கும் கட்டுரை ஒன்றைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகர், நாகர்கோவில்